பதினேழாம் நம்பரின் கழுத்து

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் கடைசிக் கடைவாய்ப் பல்மீது ஆணை. அந்தப் பல் போன மாதமே விழுந்துவிட்டதே என்று வீட்டில் கேட்கிறார்கள். பல்தான் விழுந்தது, ஆணை விழவில்லை.

மறதிப் பிரிவின் மூன்றாம் அறையில் சின்ன டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தாள். அதில் முப்பதுக்கு முப்பது என்று மார்க். வாங்கியவர் பதினேழாம் நம்பர் நோயாளி. மூன்று மாதமாக அவர் இதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். மற்ற பரீட்சைகளில் முழு மார்க் என்றால் வாங்கியவருக்கும் சந்தோஷம், போட்டவருக்கும் சந்தோஷம். மறதிப் பிரிவில் அது துக்கச் செய்தி. மறதி என்று வந்த மனிதர் ஒன்றையுமே மறக்காமல் உட்கார்ந்திருந்தால், டாக்டர் எதைக் கண்டுபிடிப்பது?

அவள் கவலை புரிய வேண்டுமானால் அவள் படிப்பைச் சொல்ல வேண்டும். முதலில் ஆறு வருஷம் உடம்பு முழுக்கப் படித்தாள். பிறகு மூன்று வருஷம் அதையே இன்னும் ஆழமாக. பிறகு மூன்று வருஷம் மூளையும் நரம்பும். அதோடு விட்டாளா? மூளையிலும் மறதி என்கிற ஒரே சங்கதிக்காக இன்னும் ஒரு வருஷப் பயிற்சி. அவள் தாயார் வாரம் தவறாமல் போனில் கேட்பார்.

"முதல்ல உடம்பு முழுக்கன்னே. அப்புறம் தலை மட்டும்னே. இப்ப தலையில ஒரு மூலைங்கறே. அடுத்த வருஷம் என்னடி, ஒரே ஒரு முடியா?"

"இதுதாம்மா கடைசி."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே. மறந்துட்டியா?"

மறதி டாக்டரைப் பார்த்து இப்படிக் கேட்கும் உரிமை தாயாருக்கு மட்டும்தான் உண்டு.

அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம். சேர்ந்த முதல் மாதமே ஒரு நோயாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மாதம் அவரை விடாமல் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். வருஷக் கடைசியில் வெளியூரிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார். அவர் கண்ணெதிரே அந்த நோயாளியைச் சோதித்து, இன்ன நோய் என்று நிரூபித்தால் பட்டம். இல்லாவிட்டால் அதே வருஷம் மறுபடியும். இவளுக்கு முன்னால் சேர்ந்த ஒருவருக்கு ஐந்து வருஷமாகச் சரியான நோயாளியே அமையவில்லை. ஆறாவது வருஷம் அவருக்கே மறதி வந்தது. தன்னையே சோதித்துக் காட்டிப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார். பல்மீது ஆணை.

அந்தப் பிரிவின் தலைவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். காலடிச் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவர். ஒருநாள் வராந்தாவில் ஏதோ சத்தம் கேட்டு, நாற்காலியில் இருந்தபடியே, "இடது கால். பழைய முறிவு. சரியாச் சேரலை" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு பேர் ஒரு பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பீரோவுக்கு இடது பின்கால் முறிந்து, ஆணி அடித்து ஒட்டியிருந்தது. அப்படிப்பட்ட ஞானம். அப்படிப்பட்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அவர் போட்ட முதல் சட்டம், மறதி நோயாளி விஷயத்தில் மானம் மரியாதை முக்கியம் என்பது. பெயர் எழுதிய அட்டை வெளியே கவுன்ட்டரில் இருக்கும் அக்காவின் மரப்பெட்டியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. உள்ளே எல்லாம் நம்பர்தான்.

இரண்டாவது சட்டம்: "மறதிக்காரர் பேசறதை எழுதாதே. கூட வந்தவர் பேசறதை எழுது." இது நியாயம்தான். மறந்துபோனவருக்கு மறந்தது என்ன என்று எப்படித் தெரியும்?

முதல் நாள் கவுன்ட்டர் அக்கா "பதினேழு!" என்று குரல் கொடுத்ததும் ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். கணவர் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒற்றைக் கண் லென்ஸ். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில், தோளில் மனைவியின் பை, கக்கத்தில் மனைவியின் குடை. அறையில் இரண்டு இருக்கைகள். நோயாளிக்கு ஒரு முக்காலி, கூட வந்தவருக்குச் சாய்வு நாற்காலி. அந்த அம்மா முக்காலியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். கணவரைத் தோளைப் பிடித்து முக்காலியில் அமுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இவருக்குத்தான் டாக்டர், மறதி. சாவி எங்கங்கறார், கண்ணாடி எங்கங்கறார். நாள் முழுக்க என் பின்னாலயே வந்து 'எங்க வெச்சே, எங்க வெச்சே'ன்னு கேட்டுட்டு இருக்கார். பாவம்."

கடிகாரக்காரர் வாயைத் திறந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நாங்க வந்தது வந்து…"

சின்ன டாக்டர் அன்பாகக் கையை உயர்த்தினாள். "ஐயா, நீங்க அப்புறம் பேசலாம். முதல்ல அம்மா சொல்லட்டும்."

'எனக்கு ஒண்ணும் இல்ல' என்பதுதான் மறதிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். புத்தகத்தில் இருக்கிறது. 'தனக்கு நோய் இருப்பதையே உணரவில்லை' என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். கடிகாரக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தவர்போல நிமிர்ந்து, பெருமையாக உட்கார்ந்திருந்தார். கடிகாரக்காரர் என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார்.

சோதனை ஆரம்பமாயிற்று. மூன்று வார்த்தைகளைச் சொல்லி, வேறு ஏதேதோ பேச்சுக் கொடுத்து, ஐந்து நிமிஷம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பது. ஏணி, எலுமிச்சை, குடை. மனிதர் மூன்றையும் வரிசை பிசகாமல் சொன்னார். அவர் சொல்லும்போது நாற்காலியில் அந்த அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. நாள், கிழமை, ஊர், மாடி எல்லாம் சரி. முப்பது.

சோதனை சுலபமாக இருந்துவிட்டது என்று சின்ன டாக்டர் நினைத்தாள். அடுத்த மாதம் கடினமானதை எடுத்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று மனிதர் டிக் டிக்கென்று இறங்கினார். அறுபத்து நாலு என்று இவள் கைநோட்டில் இருந்தது. தப்பு என்று சிலுவை போட்டாள். அவர் தயங்கித் தயங்கி, "அறுபத்தஞ்சும்மா" என்றார். மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அறுபத்தைந்துதான். நேர்மையான பெண். 'நோயாளி முப்பது, டாக்டர் இருபத்தொன்பது' என்று எழுதினாள்.

அதற்கும் அடுத்த மாதம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். வெள்ளைத் தாளில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்ட வேண்டும். மறதி வந்தவர்களுக்கு இதில்தான் கை தடுமாறும். கடிகாரக்காரருக்கு முகம் மலர்ந்தது. மூன்று மாதத்தில் அன்றுதான் முதல்முறை.

"சாவி கொடுக்கறதா, பேட்டரியா?" என்றார்.

"எதுவா இருந்தாலும் சரி ஐயா."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. உள்ள வர்றதெல்லாம் மாறும்."

லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டு வரைய உட்கார்ந்தார். முகப்பை வரைந்தார். பிறகு முகப்பைக் கழற்றினால் என்ன தெரியும் என்று வரைந்தார். அதற்கும் உள்ளே இருக்கும் சுருள்வில்லை வரைந்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே பதினெட்டாம் நம்பரிலிருந்து முப்பத்திரண்டாம் நம்பர்வரை பெஞ்சில் உறுமிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் சும்மா இருந்த அந்த அம்மா, "எனக்கும் ஒரு பேப்பர் குடு கண்ணு" என்று வாங்கி, தானும் ஏதோ வட்டமாகப் போட்டார். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சின்ன டாக்டர் பார்க்காமலே சொல்லி வாங்கி வைத்தாள். அதன்மேல் அவள் டீ கிளாஸ் உட்கார்ந்துவிட்டது.

போகிறபோது கடிகாரக்காரர், சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது என்று சொல்லி, முக்காலிமேல் ஏறிச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்தப் பிரிவில் எல்லோரும் ஏழு நிமிஷம் முன்னதாக வீட்டுக்குப் போகிறார்கள். சின்ன டாக்டர் மட்டும் போகவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாம் உள்ளே வந்தது அப்போதுதான்.

வேறு நோயாளியைப் பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கூட வேலை பார்த்தவர்களும் கேட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு மனசு வரவில்லை. காரணம் அந்த அம்மா. உள்ளே வந்ததும் "சாப்பிட்டியா கண்ணு?" என்பார். நடுவில் ஒருமுறை கேட்பார். போகும்போது ஒருமுறை. மூன்று முறையும் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்பதுபோல அத்தனை அக்கறையாகக் கேட்பார். வீட்டை விட்டு வந்து பன்னிரண்டு வருஷமாக விடுதிச் சோறு தின்கிற பெண்ணுக்கு அது போதாதா? அவள் தாயாரும் கேட்பார்தான். ஆனால் ஒருமுறைதான் கேட்பார், உடனே கல்யாணப் பேச்சுக்குப் போய்விடுவார்.

மார்க் உதவாததால் ஸ்கேன் எடுத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதினாள். ஸ்கேன் நடப்பது பக்கத்துக் கட்டடத்தில். பத்து நாள் கழித்துப் படங்கள் ஒரு கவரில் வந்தன. கவர்மேல் பதினேழு. கூடவே வந்த அறிக்கையைப் பெரிய டாக்டர் வாங்கித் தன் டிராயரில் பூட்டிவிட்டார். அது அவருடைய மூன்றாவது சட்டம். பயிற்சி டாக்டர் அறிக்கையைப் படிக்கக் கூடாது, படத்தைத்தான் படிக்க வேண்டும். அடுத்தவன் கண்ணால் பார்த்துப் பழகினால் சொந்தக் கண் போய்விடும் என்பார்.

அந்த மாதம் தம்பதி வந்தபோது அந்த அம்மா காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அந்த மெஷின் என்ன சத்தம் போடுது கண்ணு. டமடமன்னு, மண்டைக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி. இன்னும் காதுலயே இருக்கு." கணவர் படுத்த மெஷினின் சத்தத்தைத் தன் மண்டையில் கேட்கிற மனைவி. சின்ன டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பதி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படங்களை விளக்குப் பலகையில் மாட்டினாள்.

மாட்டியதும் நாற்காலியைத் தேடினாள். மூளையில் நினைவைக் காக்கிற இடம் காதுக்கு உள்பக்கமாக இருக்கிறது. அந்த இடம், போன வருஷத்து எலுமிச்சையைப் போலச் சுருங்கிக் கிடந்தது.

இப்போது முடிச்சு இரண்டாயிற்று. படத்தைப் பார்த்தால் இந்த மனிதருக்குத் தன் பெயரே நினைவிருக்கக் கூடாது. மார்க்கைப் பார்த்தால் டாக்டருக்கே பாடம் எடுக்கிறார். இரண்டையும் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"இவ்வளவு சுருங்கின மூளையை வெச்சுக்கிட்டு முப்பதுக்கு முப்பதா! உலகத்துலயே இது ஒண்ணுதாம்மா. நீ கவலையே படாதே, இதைத்தான் பரீட்சைக்கு வைக்கறோம்."

அவள் கவலை அங்கேதான் ஆரம்பித்தது. மாலைக்குள் அவர் பரீட்சகருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர்களையும் பார்க்க வரச் சொல்லிவிட்டார். இனி நோயாளியை மாற்ற வழியில்லை. முப்பது மார்க்குக்கும் சுருங்கிய எலுமிச்சைக்கும் நடுவே ஒரு காரணம் கண்டுபிடித்தால் பட்டம். இல்லையென்றால் அத்தனை பேர் முன்னால் மானமும் போய், ஒரு வருஷமும் போகும். தாயாரிடம் இன்னொரு முறை 'இதுதாம்மா கடைசி' என்று வேறு சொல்ல வேண்டும்.

கடிகாரக்காரரும் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து மாதிரி ஒன்று வேண்டும், ஏதாவது எழுதுங்கள் என்று அவரிடம் தாள் கொடுத்திருந்தாள். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் அவர் குனிந்து இரண்டு வரி எழுதி, நாலாக மடித்து நீட்டினார். 'டாக்டரம்மா, தனியாக ஐந்து நிமிஷம் பேச வேண்டும். அவள் எதிரில் முடியாது.'

சின்ன டாக்டர் ஸ்கேலை வைத்து எழுத்துகளின் உயரத்தை அளந்தாள். நடுக்கம் இல்லை, சிறுத்துப்போகவும் இல்லை. பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாள். 'மனைவிமீது காரணமில்லாத சந்தேகம் தலைகாட்டுகிறது' என்று நோட்டில் எழுதினாள். அவள் மனசு கனத்துவிட்டது. இத்தனை நல்ல மனைவியை இந்த மனிதர் சந்தேகப்படும்படி நோய் செய்துவிட்டதே. அவரிடம் பரிவாக, இனி மாதாமாதம் வந்து சிரமப்பட வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றாள்.

அவர் பதறிவிட்டார். "வேண்டாம்மா. மாசாமாசம் வர்றோம். எனக்காகன்னு சொன்னாத்தான் அவ ஆஸ்பத்திரி வாசப்படி ஏறுவா."

பேச்சில் கோர்வை இல்லை என்று அதையும் எழுதிக்கொண்டாள்.

பத்தாவது மாதம் அவள் வாடிக் கிடப்பதைப் பார்த்துப் பெரிய டாக்டர் ஒரு ரகசியம் சொல்லிக்கொடுத்தார். வாய் பொய் சொல்லும், கழுத்து பொய் சொல்லாது. மறதி வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து வரும் என்று அவர் கழுத்து தானாகத் திரும்பும். பதிலை விட்டுவிடு, கழுத்தை எண்ணு.

எண்ணினாள். அரைமணி நேரத்தில் கடிகாரக்காரர் மனைவியை இருபத்து மூன்று முறை திரும்பிப் பார்த்தார். ஏணி என்றார், பார்த்தார். எலுமிச்சை என்றார், பார்த்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சின்ன டாக்டருக்குப் பொறி தட்டியது. பதில் அங்கேயிருந்துதான் வருகிறது. நினைவு மனைவியுடையது, வாய் மட்டும் கணவருடையது. இதைவிட அழகான காரணம் உண்டா?

இருந்தாலும் உறுதி செய்துகொள்ள வேண்டுமே. ஐயா ஏன் உங்களையே பார்க்கிறார் என்று அந்த அம்மாவிடம் கேட்டாள். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

"அவர் எப்பவும் அப்படித்தான் கண்ணு. கல்யாணமான புதுசுல ரோட்டைப் பாக்காம என்னையே பாத்துட்டு நடந்து, விளக்குக் கம்பத்துல முட்டிக்கிட்டார். இங்க பாரு, நெத்தியில இன்னும் தழும்பு இருக்கு."

தழும்பு இருந்தது. சின்ன டாக்டர் குழம்பிவிட்டாள். அரைமணிக்கு எத்தனை முறை வரை அன்பு, எத்தனையைத் தாண்டினால் நோய்? எந்தப் புத்தகத்திலும் அந்தக் கணக்கு இல்லை. ஆகவே அவளே கணக்கெடுக்கக் கிளம்பினாள். ஒரு வாரம் முழுக்க வெளிப் பெஞ்சுகளுக்கு எதிரே ஒரு தூணோரம் நின்று, வந்த கணவர்களின் கழுத்துகளை எண்ணினாள். நாற்பத்தாறு கணவர்களில் நாற்பத்தைந்து பேர் மனைவியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்தார், கிளம்பலாமா என்று கேட்க. ஆக, இருபத்து மூன்று என்பது சந்தேகமில்லாமல் நோய்தான் என்று முடிவாயிற்று. கழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அவள் கழுத்து சுளுக்கிக்கொண்டது மட்டும்தான் நஷ்டம்.

பரீட்சை நாளில் கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாம் அறையில் சுவரோரம் டாக்டர்கள் வரிசையாக நின்றார்கள். பரீட்சகர் அதிகம் பேசாதவர். எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்'தான். கடிகாரக்காரர் முக்காலியில், அந்த அம்மா நாற்காலியில். வந்ததும் ஒருமுறை, பரீட்சகர் பேனாவைத் திறக்கும்போது ஒருமுறை என்று, சாப்பிட்டியா கண்ணு ஏற்கெனவே இரண்டு முறை ஆகியிருந்தது.

முதல் சுற்று வழக்கம்போல முப்பது. சின்ன டாக்டர் படங்களைக் காட்டினாள், கழுத்துக் கணக்கைச் சொன்னாள். பரீட்சகர் முதல்முறையாக வாய் திறந்து, "அப்ப, அந்த அம்மா கொஞ்சம் வெளியில இருக்கட்டுமே" என்றார்.

அந்த அம்மா சமர்த்தாக எழுந்து வெளியே போனார். கடிகாரக்காரரும் கூடவே எழுந்தார். பத்தே நிமிஷம் ஐயா என்று தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

சின்ன டாக்டர் புதிதாக மூன்று வார்த்தைகள் சொன்னாள். வாளி, மாங்காய், சாவி. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டாள்.

"ஐயா, மூணு வார்த்தை சொன்னேனே?"

"இந்த வராந்தா எங்கம்மா போகுது?"

"வார்த்தை ஐயா. முதல் வார்த்தை?"

"மாடிப்படிக்குக் கதவு இருக்கா? பூட்டுவாங்களா?"

நூறிலிருந்து ஏழு போனால் என்றாள். குடை உள்ளேயே இருக்கிறது, அவள் குடை இல்லாமல் வெயிலில் இறங்கிவிடுவாள் என்றார். இன்று என்ன கிழமை என்றாள். கதவைப் பார்த்தார். கடிகாரம் வரையச் சொல்லித் தாளைக் கொடுத்தாள். நாற்பது நிமிஷம் சுருள்வில் வரைந்த கை ஒரு வட்டத்தைப் பாதி போட்டுவிட்டு நின்றுபோயிற்று. பெஞ்சில் உட்காரவைத்தாலும் அவள் அங்கேயே இருக்க மாட்டாள் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது முன்வரிசைக்குக் கேட்டது. ஆறு மார்க். கழுத்து கதவுப் பக்கம் நாற்பத்தொரு முறை திரும்பியது.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரீட்சகர் எழுந்து வந்து, இந்த மனிதரின் நினைவு அவர் மண்டைக்குள் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது, இப்படி ஒரு நிரூபணத்தை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை என்று நாலு வாக்கியத்துக்குச் சமமாகப் பேசிவிட்டு, அங்கேயே பேனாவை எடுத்துப் பட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சின்ன டாக்டருக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. கடிகாரக்காரர் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, யாராவது கதவைத் திறக்க மாட்டார்களா என்று நின்றுகொண்டிருந்தார். இந்த மனிதருக்கு என்ன வந்திருக்கிறது என்று அந்த அம்மாவிடம் இனிச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று பதின்மூன்று வருஷப் படிப்பில் ஒரு பக்கத்திலும் இல்லை. அம்மா, இனிமே இவரைத் தனியா எங்கயும் அனுப்பாதீங்க. இப்படி ஆரம்பிக்கலாம் என்று மனசுக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அவள் தோளை உரசிக்கொண்டு கடிகாரக்காரர் வெளியே பாய்ந்தார்.

பெஞ்சில் அந்த அம்மா இல்லை. கவுன்ட்டர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கவுன்ட்டர் அக்கா பலகைக்கு மேலாகக் கையை நீட்டி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கடிகாரக்காரர் போய் மறுகையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க போயிட்டீங்க?" என்றார் அந்த அம்மா. "எவ்வளவு நேரமாத் தேடறேன்."

"இங்கதான் இருந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க? உங்களுக்குச் சரியாயிடுமாமா?"

"சரியாயிடுமாம்."

அந்த அம்மாவுக்கு நிம்மதி. திரும்பி, கையில் பட்டத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

சின்ன டாக்டர் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தாள். அதற்குள் கவுன்ட்டர் அக்கா மரப்பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவி, அவள் காதோரம் குனிந்தார்.

"ஏன் டாக்டரம்மா, பதினேழாம் நம்பர் அட்டை வருஷம் பூரா இந்த அம்மா பேர்லதானே இருக்கு. இவங்களை வெளியில அனுப்பிட்டு, உள்ள யாருக்குப் பரீட்சை வெச்சீங்க?"